பல்லால் கேட்டவர்

முதலில் பல். விரல் அப்புறம்தான்.

மேடை ஏறுவார். ஸ்டூலைத் தன் உயரத்துக்குத் திருகிக்கொள்வார். கிடாரை மடியில் சாய்த்து, தலையைக் குனிந்து, அதன் தோள்பட்டை விளிம்பை மெல்லக் கடிப்பார். கடித்தபடியே ஒரு கம்பியைத் தட்டுவார். கண்கள் மூடியிருக்கும். பக்கத்தில் டிரம்ஸ் உருளும். கீழே ராட்டினம் கிறீச்சிடும். பஞ்சுமிட்டாய்க்காரர் மணியை ஆட்டுவார். அவருக்கு அவை எதுவும் கிடையாது. பல்லிலிருந்து தாடைக்கும் தாடையிலிருந்து காதுக்குள்ளும் தனக்கென்று ஒரு தடம் போட்டு வைத்திருந்தார். அந்தத் தடத்தில் வேறு வண்டி ஓடாது. ஆறு கம்பிக்கும் அப்படித்தான் சுருதி சேர்ப்பார். பழுப்பு நிறக் கிடாரின் அந்த ஒரு விளிம்பு மட்டும் வெளுத்து, சின்னச் சின்னப் பள்ளங்களோடு இருக்கும்.

பள்ளிபாளையத்தில் ஒரு கோயில் விழாவில்தான் அவரை முதலில் பார்த்தேன். நான் அப்போது ஒரு மெல்லிசைக் குழுவில் அறிவிப்பாளன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே விழுகிற பள்ளத்தை வார்த்தை போட்டு நிரப்புகிற வேலை. மௌனம் என்றால் எனக்கு ஆகாது. அவர் குழுவுக்குப் புதிது. கையில் மைக் இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். "நம் கிடார் கலைஞருக்குப் பசி போலிருக்கிறது. விழாக் கமிட்டியார் சீக்கிரம் சாப்பாடு போடவில்லை என்றால் வாத்தியத்தையே தின்றுவிடுவார்" என்றேன். கூட்டம் சிரித்தது. எனக்கு அது போதும்.

இடைவேளையில் என்னிடம் நேராக வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும் பெண். கோபம் முகத்தில் இல்லை. கோபத்தைவிட மோசமான ஒரு நிதானம் இருந்தது.

"ஏனுங்க, உங்க மைக்க நீங்க வாய்க்கிட்ட வச்சுக்கறீங்க. என்றத நானு பல்லுல வச்சுக்கறேன். உங்களுக்குப் பசிங்களான்னு நான் ஊரைக் கூட்டிக் கேட்டனா?"

 பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. திரும்பிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து மறுபடியும் கடித்தார். இம்முறை என்னைப் பார்த்தபடியே.

குமாரபாளையத்துக்காரர். வீட்டை ஒட்டியே விசைத்தறிப் பட்டறை. வாரத்தில் ஆறு நாள் தறிக்குத் தார் ஓட்டுவார்; தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றுகிற வேலை. தறி ஓடுகிற இடத்தில் காதை நம்பி யாரும் பேசுவதில்லை. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. தறியில் எங்கோ ஒரு பேரிங் தேய்ந்துவிட்டால் அதைக் கண்டுபிடிக்க அவருடைய அப்பாவுக்கு ஒரு வழி இருந்ததாம். நீள ஸ்பேனரின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு நுனியைத் தறியின் சட்டத்தில் அங்கங்கே வைத்துப் பார்ப்பாராம். நாற்பது தறி ஓடும் இரைச்சலில் ஒரு பேரிங்கின் முனகல் அவர் தாடைக்கு வந்து சேருமாம்.

"காது எல்லாத்தையும் உள்ள உட்டுரும்ங்க. பல்லு அப்படியில்ல. தொட்டதை மட்டுந்தான் கேக்கும்" என்பார் இவர்.

கிடாரை யாரிடம் கற்றார் என்பதற்குக் குழுவில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அவர் ஒன்றையும் மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் வைத்திருந்தது மின்கிடார் அல்ல என்பதுதான். வயிறு குடைந்த மரக்கிடார். தானாக ஒலிப்பது. ஆனால் அந்த ஒலி ஓர் அறைக்குத்தான் காணும். ஆயிரம் பேர் முன்னால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க மின்சாரம் வேண்டும். மரத்துக்கும் மின்சாரத்துக்கும் நடுவே நின்று ஒன்றின் பேச்சை மற்றதற்குச் சொல்ல ஒரு சின்னப் பொருள் வேண்டும். பிக்கப் என்பார்கள். அந்தச் சின்னப் பொருளில்தான் அவருடைய மொத்தப் பிடிவாதமும் குடியிருந்தது.

ஆரம்பத்தில் அவர் வைத்திருந்தது காந்தப் பிக்கப். கிடாரின் வட்டத் துளையின் குறுக்கே மாட்டுவது. கம்பி அசைந்தால் போதும், எடுத்துக்கொள்ளும். ஊளையிடாது. ஆனால் காந்தத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. பக்கத்தில் ஓடுகிற மோட்டாரின் உறுமல், சீரியல் பல்பின் ரீங்காரம் எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு ஒலிபெருக்கிக்குப் போய்விடும்.

அவருடைய சொந்த ஊரிலேயே அது காட்டிக்கொடுத்தது. அம்மன் கோயில் திடல். மூன்று பக்கமும் தறிப் பட்டறைகள். கிடாரைச் செருகிய நிமிடத்தில் ஒலிபெருக்கிகளில் பெரிய வண்டு ஒன்று புகுந்துகொண்டது. சவுண்டு சர்வீஸ்காரர் உதட்டைப் பிதுக்கினார். இவர் கிடாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டூலோடு மெல்லச் சுற்ற ஆரம்பித்தார். காந்தத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒரு திசையில் திரும்பினால் உறுமல் கூடும், இன்னொரு திசையில் அடங்கும். கால் வட்டம் சுற்றினார். அரை வட்டம். ஓரிடத்தில் வண்டு சட்டென்று செத்தது. அப்படியே உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தத் திசையில் உட்கார்ந்தால் அவருடைய முதுகு நேராகச் சன்னிதிக்கு இருந்தது.

இரண்டாவது பாட்டு முடிவதற்குள் கமிட்டிப் பெரியவர் ஒருவர் படியேறி வந்துவிட்டார். "ஏஞ்சாமி, நம்மூர்ப் புள்ளையே இப்படிப் பண்ணுனா எப்படி? ஆத்தாளுக்கு முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்கற."

"ஆத்தாளுக்கு இல்லீங்கய்யா. அவுங்களுக்குப் பின்னால ஓடற நம்ம தறிக்கு."

"தறி யாரோடது?"

"ஆத்தா குடுத்ததுதானுங்க."

"அப்புறமென்ன."

"அப்புறம் ஆத்தாளையே நிறுத்தச் சொல்லுங்க. நான் திரும்பிக்கறேன்."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் யாரோ போய்ப் பட்டறைக்காரரிடம் பேசி, சன்னிதிக்குப் பின்னாலிருந்த எட்டுத் தறிகளை ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். விழா நாளில்கூட நிற்காத தறிகள். அவர் சன்னிதிப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வாசிப்பதற்கு முன் ஒரு கும்பிடு போட்டார். அதில் பணிவு இருந்ததா வெற்றி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு காந்தத்தைக் கழற்றிவிட்டார்.

சேலத்தில் ஒரு வாத்தியக் கடை. துணைக்கு நானும் போயிருந்தேன். கடைக்காரர் நல்ல மனிதர், ஆர்வக்காரர். ஒரு பெட்டியை எடுத்து வைத்துப் பட்டனைப் பட்டனாகத் தொட்டுக் காட்டினார்.

"இதுல ரிவெர்ப் இருக்குதுக்கா. கோரஸ் இருக்குது. டிலே இருக்குது. ஒரு கிடார வாசிச்சா நாலு கிடார் மாதிரி கேக்கும்."

"எல்லாத்தையும் நிறுத்தறதுக்கு ஒரு பட்டன் இருக்குதுங்களா?"

"எதுக்குக்கா நிறுத்தணும்?"

"நிறுத்துன பொறகு என்ன மிச்சம் நிக்குதோ, அதுக்குத்தானுங்க நான் வந்தது."

மூன்று பிக்கப்புகளை மாற்றி மாற்றிப் பொருத்தச் சொன்னார். மூன்றிலும் ஒரே மெட்டை வாசித்துப் போனில் பதிந்துகொண்டார். எது நன்றாயிருக்கிறது என்று கடைக்காரர் கேட்டார். "இப்பச் சொல்ல மாட்டேன்" என்று எழுந்துவிட்டார். "கடைக்குள்ள எல்லாமே நல்லாத்தானுங்க இருக்கும்."

நாமக்கல் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மூன்றையும் திரும்பத் திரும்பக் கேட்டார். இன்ஜின் இரைச்சல், கண்டக்டரின் விசில், எதிரே வருகிற போர்வெல் ரிக் வண்டிகளின் உறுமல். அத்தனையையும் தாண்டி எது நிற்கிறது என்பதுதான் சோதனை. மல்லூர் தாண்டும்போது முதலாவதைக் கழித்துவிட்டார். "தகரம்." ராசிபுரம் பிரிவுக்கு முன்னால் இரண்டாவது போனது. "பிளாஸ்டிக் கொடம்." புதுச்சத்திரத்தில் பஸ் நின்றபோது ஒயரைக் கழற்றினார்.

"மூணாவது சளி புடிச்ச மரமுங்க. பரவால்ல. சளி புடிச்சிருந்தாலும் மரம்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம். எதிர்ப்பக்கம் நின்று சேலம் பஸ் ஏறினோம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார்.

அது நாணயம் போல வட்டமான ஒரு துண்டு. கிடாரின் மரத்திலேயே ஒட்டுவது. கம்பியைக் கேட்காது, மரத்தின் நடுக்கத்தைக் கேட்கும். எங்கே ஒட்டுகிறோம் என்பதில்தான் எல்லாமே. அரை விரல்கடை தள்ளினால் குரலே மாறிவிடும். "ஊட்டுக்கு வாங்க, ஒரு கை வேணும்" என்று கூப்பிட்டிருந்தார். போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் சடசடத்துக்கொண்டிருந்தன. அப்பாவின் ஸ்பேனரை எடுத்து வந்தார். ஒரு நுனியைப் பல்லில் கடித்தார். மறு நுனியில் துணி சுற்றி, கிடாரின் முகத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். கம்பியை மீட்டுவது என் வேலை. வாயில் ஸ்பேனர் இருந்ததால் அவரால் பேச முடியாது. புருவத்தால் சொல்வார்: மறுபடி. மறுபடி. மறுபடி. பேசாமலேயே என்னை அத்தனை நேரம் வேலை வாங்கிய வேறு ஆள் கிடையாது.

என் கட்டைவிரல் கன்றிப்போன பிறகு, ஓரிடத்தில் அவர் முகம் மாறியது. இருட்டில் ஸ்விட்சைத் தேடிய கை அதைத் தொட்டுவிட்டது போல. பென்சிலால் அங்கே ஒரு புள்ளி வைத்தார். நாணயம் அந்தப் புள்ளிக்கு நேர் கீழே, மரத்தின் உட்புறத்தில் ஒட்டப்பட்டது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. மரத்தின் நடுக்கத்தைக் கேட்கிற ஒன்று, ஒலிபெருக்கி அந்த மரத்தை நடுக்கினாலும் கேட்கும். கிடாரிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போன சத்தம் காற்றில் திரும்பி வந்து கிடாரையே ஆட்டும். ஆட்டியது மறுபடி ஒலிபெருக்கிக்குப் போகும். போய்ப் போய் வந்து வந்து ஒரே சுரத்தில் பெருத்து ஊளையாகிவிடும். அடுத்து வந்த நாலைந்து மேடைகளில் அவருடைய கிடார் ஊளையிட்டது. பெண்கள் காதைப் பொத்தினார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்தே போய்விட்டார்.

சவுண்டு சர்வீஸ்காரருக்கும் அவருக்கும் அப்போதுதான் போர் மூண்டது. சவுண்டுக்காரர் எக்கோவின் பக்தர். யார் பேசினாலும் பாடினாலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல நாலு முறை திரும்பக் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி. "எக்கோ இல்லாம என்னுங்க கச்சேரி. சாப்பாட்டுல உப்பு இல்லாத மாதிரி" என்பார்.

"உப்பு போடுங்க. உப்புலயே சோறாக்காதீங்க" என்பார் இவர்.

ஒருநாள் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு நிகழ்ச்சியில், இவரிடம் சொல்லாமல் கிடாருக்குக் கோரஸையும் எக்கோவையும் சேர்த்துப் போட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. சர்க்கரைப் பாகு மாதிரி பளபளவென்று இருந்தது. அவர் நாலு வரி வாசித்தார். பிறகு கையை விரித்துக் கம்பிகளின்மேல் வைத்து மூடினார். பாடகர் பாடிக்கொண்டிருக்கிறார், டிரம்ஸ் போய்க்கொண்டிருக்கிறது, இவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார், சவுண்டு மேசையை மட்டும் பார்த்தபடி. ஒரு சரணம் முழுக்க. மேசைக்காரர் வேர்த்துப் போய் இரண்டையும் இறக்கினார். இறக்கியதும் விட்ட இடத்திலிருந்து வாசிப்பைத் தொடர்ந்தார்.

கீழே இறங்கியதும் மேசைக்காரர் பொரிந்தார். "நல்லாத்தானுங்க்கா இருந்துச்சு. ஊரே ரசிச்சுது."

"கேக்கலீன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். நல்லாருக்குது, நல்லால்லீன்னு நீங்க சொல்லக் கூடாது. அது நான் சொல்றது."

அவரோடு பழகுவது சுலபமாக இருந்ததில்லை. நன்றி சொல்ல மாட்டார். பிறந்தநாள் கேக் வெட்டினால் ஓரமாக நின்று கம்பியைத் துடைப்பார். அவரால் நிகழ்ச்சி கெடுகிறது என்று குழுவில் பாதிப் பேர் நினைத்தார்கள்; நானும் சில நாள் அந்தப் பாதியில் இருந்திருக்கிறேன். ஆனால் அந்தச் சரணம் முழுக்க அவர் கை கம்பிமேல் கிடந்தது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. நான் எத்தனை மேடைகளில் என் குரல் அல்லாத குரலில், எனக்கே பிடிக்காத அடுக்குமொழியைப் பேசியிருக்கிறேன் என்று அன்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

குழுவை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். கீபோர்டு வாசிப்பவர். திருச்செங்கோட்டு நிகழ்ச்சி முடிந்து திரும்புகிற வேனில் அவர் முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே பேசினார்.

"அம்மிணி, கீபோர்டுலயே கிடாரு சத்தம் இருக்குது. அது கத்தறதில்ல. கோவிச்சுக்கறதில்ல. வேன்ல எடம் கேக்கறதில்ல."

"கடிச்சாப் பல்லுல கேக்குதுங்களா அது?"

வேன் சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. "புதுச்சத்திரத்துப் பக்கம் கோயில் நோம்பி வருது. நோட்டீஸுல உங்க தனி வாசிப்பப் போட்டாச்சு. அன்னிக்கு ஒருக்கா, ஒரே ஒருக்கா ஊளை வந்துதுன்னா அதோட சரி. பேச்சு பேச்சுதான்."

 எங்கள் பக்கம் இருந்த குழுக்கள் எல்லாவற்றிலும் கீபோர்டுகள் கிடார் வாசிக்க ஆரம்பித்துவிட்ட காலம் அது. இந்த ஸ்டூல் போனால் அவருக்கு வேறு ஸ்டூல் கிடையாது. குமாரபாளையத்தில் இறங்கும்போது என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்: "ஆறு நாளு தறிக்குங்க. ஒரு நாளு எனக்கு. அந்த ஒரு நாளைக் கேக்கறாரு மனுசன்."

அடுத்த மூன்று வாரமும் ஊளையைத் தவிர அவர் வேறு எதுவும் பேசியதாக நினைவில்லை. தறியில் நாடா ஓடிவந்து மோதுகிற இடத்தில் வைக்கிற கெட்டி ரப்பரை வட்டமாக வெட்டி, கிடாரின் துளைக்கு மூடி செய்தார். வயிற்றுக்குள் காற்று புகுந்து ஆட்டாமல் இருக்க. பிறகு சேலம் கடையிலிருந்து கையகலக் கறுப்புப் பெட்டி ஒன்று வந்தது. அதில் எக்கோ இல்லை, கோரஸ் இல்லை. ஒரு பட்டனும் ஒரு குமிழும் மட்டும். ஒலிபெருக்கி தள்ளும்போது மரம் எதிர்ப்பக்கம் போகும்படி மாற்றிவிடுவது பட்டனின் வேலை. எந்தச் சுரத்தில் ஊளை வருகிறதோ அந்த ஒரு சுரத்தை மட்டும் கிள்ளி எடுப்பது குமிழின் வேலை. கிள்ளும் இடம் துல்லியமாக இருக்க வேண்டும். அதிகம் கிள்ளினால் மரமும் போய்விடும்.

நோம்பி நாள். மாலை நாலு மணி வெயில். மேடை போட்டாயிற்று, ஒலிபெருக்கிகள் அடுக்கியாயிற்று. மாஸ்டர் டீ குடிக்கச் சாலைக்குப் போயிருந்தார். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கிடாரைக் கடித்து, சுருதி சேர்த்து, மேசைக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "ஏத்துங்க."

"எவ்வளவுங்க?"

"கத்தற வரைக்கும்."

மேசைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். ஏற்றினார். கிடார் அடிவயிற்றிலிருந்து ஊளையிட்டது. கோயில் வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமும் கிளம்பின. எங்கோ ஓர் எருமை பதில் சொன்னது. அவர் அசையாமல் கடித்தபடி அந்த ஊளையைத் தாடைக்குள் வாங்கி, குமிழை மயிரிழை திருப்பினார். ஊளை தேய்ந்தது. இன்னும் ஏற்றச் சொல்லிக் கையை உயர்த்தினார். மறுபடி ஊளை, வேறு சுரத்தில். ஸ்டூலை ஒரு சாண் நகர்த்தினார். கை மறுபடி உயர்ந்தது. மூன்றாவது ஊளையில் மாஸ்டர் டீ கிளாஸோடு ஓடி வந்தார்.

"என்ன பண்ணீட்டிருக்கறீங்க?"

வாயில் கிடார்.  நாலாவது ஊளை. பட்டனை அழுத்தினார். ஐந்தாவது வந்தது, சின்னதாக, கடைசி ஆசை போல. குமிழ் மறுபடி மயிரிழை நகர்ந்தது. முழுசாக ஏற்றச் சொல்லிக் கையைத் தலைக்குமேல் தூக்கினார். ஏற்றினார். ஒன்றுமில்லை. வெயிலின் சத்தம் மட்டும். கிடாரின்மேல் அவர் விரல் நகத்தால் லேசாகத் தட்டியது திடல் முழுக்க, கதவைத் தட்டுவது போலக் கேட்டது.

அப்புறம்தான் வாயை எடுத்தார். "கத்த உட்டாத்தானுங்க அது எங்க ஒளிஞ்சிருக்குதுன்னு தெரியும்."

மாஸ்டர் டீ கிளாஸை மேடை விளிம்பில் வைத்தார். "ஒருக்கா வந்தாலே போதும்னு சொன்னேன். அஞ்சு தடவை வந்தாச்சு. ஊரே கேட்டாச்சு."

"நான் வர வச்சேனுங்க."

"யார் வர வச்சா என்ன. ஊளை ஊளைதான். நோட்டீஸுல போட்டதுக்கு ஒண்ணு வாசிச்சுட்டு எறங்கிக்குங்க. மத்த பாட்ட நானே பாத்துக்கறேன். நாளையிலிருந்து வேண்டாம். பேச்சு பேச்சுதான்."

அவர் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. "சரிங்க" என்றார். கறுப்புப் பெட்டியின் குமிழில் யார் கையும் படாமல் இருக்கத் துண்டைப் போட்டு மூடினார். மேசைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "அஞ்சாவதுக்கு அப்புறம் வரலீங்களே மாஸ்டர்" என்று முணுமுணுத்தார். மாஸ்டர் காதில் அது விழவில்லை.

 பள்ளிபாளையத்தில் அடித்த நக்கலுக்கு இன்றைக்கு மைக்கில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். எப்படி அறிமுகம் செய்யப் போகிறேன் என்பதைக்கூடச் சொல்லிக் காட்டினேன். அழகான வரிகள்.

"வேண்டாங்க."

"பின்ன நான் என்னதான் செய்யட்டும்?"

"பேசாம இருங்க. எனக்கு முன்னாடி பத்து மூச்சு யாரும் பேசக் கூடாது. அது ஒண்ணு போதும்."

பொழுது சாய்ந்து விளக்கெல்லாம் போட்ட பிறகு அவர் முறை வந்தது. நான் மைக் முன்னால் போய் நின்றேன். கூட்டம் என் வாயைப் பார்த்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மூச்சு. இரண்டு. "ஏப்பா, கரெண்டு போச்சா?" என்று யாரோ கத்தினார்கள். நாலு. மாஸ்டர் பின்னாலிருந்து செருமினார். ஆறு. என் முதுகில் வேர்வை ஊர்ந்தது. எட்டாவதில் கூட்டமே அடங்கியது. பத்தாவதில் நான் விலகினேன்.

அவர் மீட்டினார்.

எக்கோ இல்லை. பாகு இல்லை. விரல் கம்பியில் வழுக்குகிற சீறல் வந்தது. நகம் வந்தது. கட்டைவிரலின் சதை கம்பியைவிட்டு எழுகிற ஈர ஒலிகூட வந்தது. அதற்கெல்லாம் அடியில் மரம். காய்ந்த, சூடான, சளி நீங்கிய மரம். அவரே கட்டிய மெட்டு அது. அதன் தாள நடை தறியின் நடை, எனக்கு உடனே தெரிந்தது. திடலின் கடைசி வரிசையில் புங்கமரத்தடியில் நின்றவர்களுக்கும் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து வாசிப்பது போலக் கேட்டிருக்கும். ஊளை வரவில்லை. வரும் வரும் என்று மாஸ்டர் கடைசிவரை ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் பெரிதாக எல்லாம் இல்லை. மக்களுக்கு அடுத்த பாட்டு வேண்டும். ஆனால் கமிட்டித் தலைவர் மேடைக்குப் பின்னால் வந்தார். போர்வெல் ரிக் வைத்திருப்பவர், கனத்த ஆள். மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "போர் போடறப்ப கீழ பாறை மாறுனா, சத்தத்துல தெரியாதுங்க. கம்பியில கையை வச்சுத்தான் தெரிஞ்சுக்குவோம். அந்தம்மா வாசிச்சது எனக்குக் கையில தெரிஞ்சுதுங்க. அடுத்த வருசமும் அவுங்க வேணும்."

மாஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை அவர். நேராக வந்தார். இவர் ரப்பர் மூடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, கோவத்துல சொன்னது. மனசுல வச்சுக்காதீங்க. மிச்சப் பாட்டுக்கும் உக்காருங்க. அடுத்த வாரம் ஆத்தூரு, வண்டி உங்க ஊட்டு வாசலுக்கே வரும்."

"ஊளை வந்தா வேண்டாம்னு சொன்னீங்க. வந்துச்சுங்க. அஞ்சு தடவை. ஊரே கேட்டுச்சு."

"அட, அது நீங்க வர வச்சதுதானுங்க."

"யார் வர வச்சா என்னுங்க, ஊளை ஊளைதான். பேச்சு பேச்சுதானுங்க."

"அப்ப மிச்சப் பாட்டுக்கு?"

"கீபோர்டுல வருமுங்களே."

கிடார்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலைக்கு நடந்தார். நாமக்கல் பஸ் வருகிற நேரம். நான் பின்னால் ஓடினேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று. அவர் திரும்பி, என் வாய் திறப்பதற்குள் சொன்னார்: "எட்டாவது மூச்சுல பயந்துட்டீங்க. பாத்தேன். ஆனாத் தாண்டிட்டீங்க." என்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். பஸ் வந்தது.

போன மாதம் அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு கல்யாண மண்டபம். குழு போய், மாஸ்டர் போய், நான் மட்டும் இன்னும் அறிவித்துக்கொண்டிருக்கிறேன். சவுண்டு மேசையில் அதே மனிதர், நரைத்து. அவர் மிக்ஸரில் ஏழாம் நம்பர் வரிசை மட்டும் காலியாக இருந்தது. ஒவ்வொரு குமிழின் பக்கத்திலும் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு, எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு. எக்கோ குமிழின்மேல் வெள்ளை டேப் ஒட்டி மூடியிருந்தது. டேப்பில் 'அக்கா' என்று எழுதியிருந்தது.

"இன்னும் வாசிக்கறாங்களா?"

"வாசிக்காம? தார் ஓட்டற பொம்பளைங்க நாலு பேரச் சேத்துட்டு, வாராவாரம் எங்கியாச்சும் ஒரு எடத்துல. சவுண்டு நாந்தானுங்க. வேற ஆள உடறதில்ல."

"இன்னைக்கு அவங்க இல்லையே. இதுல வேறெதையாவது செருகலாமே."

"வேண்டாங்க. எவனாச்சும் எக்கோவத் தொட்டா அங்க இருந்தே அக்காவுக்குத் தெரிஞ்சுரும்."

சிரித்தோம். அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, ஏதோ ஞாபகம் வந்தவராக நிமிர்ந்தார்.

"உங்களைக்கூட ஒருக்கா கேட்டாங்க. 'அந்த ஆளு இன்னும் பேசிட்டேதான் இருக்கறாரா?'ன்னு."

மண்டபத்தில் மணமக்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். நான் மேடையேறி மைக் முன்னால் நின்றேன். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒரு மூச்சு. இரண்டு. மூன்று.